தண்டனை இல்லாத கதை

ஐப்பசி, கந்தசஷ்டி நான்காம் நாள், இரவு.

கோயில் மலருக்கு நான் தெரிவு செய்யவேண்டிய சிறுகதைகளுள் பதின்மூன்று வயது ஆரணியுடையதே சிறந்தது, அதுதான் எரிச்சல். விரதமிருக்கும் சிறுமி லண்டன் தோர்ண்டன் ஹீத் கடையொன்றில் ஒளித்து மட்டன் ரோல் தின்கிறாள், தாயிடம் பொய் சொல்கிறாள். அத்துடன் கதை முடிந்துவிடுகிறது.

மாலையில் மண்டபத்தில் அவளைக் கண்டு, "பிள்ளை, கடைசியில முருகன் தண்டிக்க வேண்டாமோ?" என்று கேட்டேன்.

"நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான், ஐயா. ஒண்டுமே நடக்கேல்லை. அதுதான் பயமாக் கிடந்தது."

புராணமெல்லாம் கற்ற நான் கையிலிருந்த கதையின் கடைசி வரியைத் திரும்ப வாசித்தேன். பின்னால் நின்ற தாயின் முகம் கறுத்தது.

"இது கற்பனைதானே, ஐயா?" என்று தாய் கேட்டாள்.

ஆரணி என்னையே பார்த்தாள்.

"ஓம் தங்கச்சி, முழுக்கக் கற்பனை" என்றேன். விரத நாளில், வேலவன் சந்நிதிக்கு முன்னால், என்னையும் பொய் சொல்ல வைத்துவிட்டாள், பொல்லாத பிள்ளை.