பன்னிரண்டு கிலோவும் ஒரு வேதாகமமும்

வில்லியனூர்,
2.7.2024

அன்புள்ள வாத்தியாருக்கு,

நலம். பிரஷர் மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா? உங்கள் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதால் தபாலில் கேட்கிறேன். பிரிந்த இந்த மூன்று வருடத்தில் நான் எழுதும் முதல் கடிதம். கிழிப்பதாக இருந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

எங்கள் சபையிலிருந்து பெண்கள் ஏழு பேர் மருத்துவ ஊழியத்துக்குப் போகிறோம். நேபாளம், கம்போடியா, கென்யா, மலாவி, கடைசியில் மடகாஸ்கர். மொத்தம் பத்து மாதம். ஆஸ்பத்திரி வேலையில் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டேன். நாற்பத்தொன்பது வயதில் இது என்ன கூத்து என்று பாக்யராஜ் அண்ணன் திட்டி முடித்துவிட்டார். நீங்களும் திட்ட விரும்பினால் அவருக்குப் பின்னால் நில்லுங்கள்.

குழுத் தலைவி விஜயகுமாரி அக்காவிடம் ஒரே சட்டம். ஆளுக்கு ஒரு பை, பன்னிரண்டு கிலோ, அதை யார் உதவியும் இல்லாமல் மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். நேபாளத்தில் குளிர், மலாவியில் வெயில், எல்லாவற்றுக்கும் அதே பை. நானோ ஊட்டிக்கு இரண்டு நாள் போனதற்குக் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தவள். நம் வீட்டில் பெட்டி கட்டியது எப்போதும் நீங்கள்தான்.

பள்ளிக்கூட டூருக்கு நீங்கள் எடுத்துப்போகும் பச்சை கேன்வாஸ் பை பரண் மேல்தான் இருக்கும். அது வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது என்று நாலு வரி ஆலோசனையும் வேண்டும்.

இன்னொன்று. இந்த வாடகை வீட்டைக் காலி செய்கிறேன். ஊழியப் படிவத்தில், "திரும்பி வந்ததும் தங்கும் விலாசம்" என்று ஒரு கட்டம். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். அது மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
ஸ்டெல்லா


பாகூர்,
6.7.2024

ஸ்டெல்லாவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. பையை எங்கள் பள்ளி அட்டெண்டர் அருள்தாஸிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு ஜிப் போயிருந்தது, மாற்றித் தைத்திருக்கிறது. இதற்காக நன்றி எழுதி இன்னொரு தபால்தலையை வீணாக்க வேண்டாம்.

பதினெட்டு வருடம் பிள்ளைகளை டூர் அழைத்துப் போயிருக்கிறேன், ஒரு பிள்ளையும் தொலைந்ததில்லை. மணிவண்ணன் ஒரே ஒரு தடவை போனான், இரண்டு பேரை மைசூரில் விட்டுவிட்டு வந்தான். அவன் இன்று தலைமையாசிரியர். இருக்கட்டும்.

எடுத்துப்போக நினைப்பதை எல்லாம் கட்டிலில் பரப்பு. பிறகு பாதியைத் திரும்ப பீரோவில் வை. மீதிதான் உன் சாமான். சுடிதார் ஐந்து போதும். மெல்லிய பருத்தி, அடர்ந்த நிறம், அப்போதுதான் அழுக்கும் தெரியாது, ஒரே இரவில் காயும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு புடவை, கஞ்சி போட வேண்டாதது. குளிருக்குக் கனமான ஸ்வெட்டர் வேண்டாம், மெல்லியதாக இரண்டு எடுத்து ஒன்றின் மேல் ஒன்று போட்டுக்கொள். நைட்டி ஒன்றே ஒன்று. அதன் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போவதெல்லாம் வில்லியனூரோடு சரி. துணியை மடிக்காதே, சுருட்டு.

என் கைலி ஒன்றைப் பைக்குள் வைத்திருக்கிறேன். குளிக்க மறைப்பு, படுக்க விரிப்பு, ஜன்னலுக்குத் திரை, எதற்கும் ஆகும். பழசுதான், திருப்பித் தர வேண்டாம். உடைக்குள் இடுப்பில் கட்டிக்கொள்ள ஜிப் வைத்து ஒரு துணிப்பை தைத்துக்கொள், பாஸ்போர்ட் இரவும் பகலும் அதில்தான் இருக்க வேண்டும். ஊக்கு ஒரு அட்டை, நைலான் கயிறு நாலு மீட்டர், கண்ணாடி இரண்டாவதாக ஒன்று. ஊறுகாய் வேண்டாம், எண்ணெய் கசிந்தால் பத்து மாதமும் நீ ஊறுகாய்தான். பருப்புப் பொடி போதும்.

மாதவிலக்குத் துணி உனக்கு வேண்டியிருக்காது. கூட வருகிற இளம்பெண்களுக்காக, துவைத்துப் பயன்படுத்துகிற துணி நாப்கின் நாலு வை. டூரில் நான் எப்போதும் உபரியாக ஒரு பாக்கெட் வைத்திருப்பேன். பெண்பிள்ளைகள் வாத்தியாரிடம் கேட்க மாட்டார்கள். கேட்காமலே எடுக்கிற இடத்தில் வைக்க வேண்டும்.

நகை எதுவும் வேண்டாம். உன் அப்பாவின் வேதாகமமும் வேண்டாம், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறையும்.

பையில் கால் பங்கைக் காலியாக விடு. சாமான் வாங்குவதற்காகச் சொல்லவில்லை. போன ஊரில் திரும்ப அடுக்கும்போது அதே துணி அதே பையில் அடங்காது. ஏன் என்று எனக்கும் தெரியாது.

படிவத்துக் கட்டத்தை எனக்கு எதற்கு எழுதினாய்? உன் அண்ணனுக்கு வீடு இருக்கிறது.

க. தேவநாதன், எம்.ஏ., பி.எட்.


வில்லியனூர்,
12.7.2024

அன்புள்ள வாத்தியாருக்கு,

பெண்டாட்டிக்கு எழுதும் கடிதத்தில் எம்.ஏ., பி.எட். போட மை இருக்கிறது, "அன்புள்ள" எழுத மட்டும் தீர்ந்துவிடுகிறது.

புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் சபை மண்டபத்தில் காய்கறிக் கடைத் தராசு வைத்து ஏழு பைகளையும் நிறுத்தோம். விஜயகுமாரி அக்கா முதல் பையைத் திறந்ததுமே, "இன்னாமே இது, ஆறு பொடவ? ஊழியத்துக்குப் போறியா, சம்பந்தி வூட்டுக்குப் போறியா?" என்றார். அடுத்த பையில் இட்லித் தட்டு. நான் உங்கள் கடிதத்தை எடுத்து, பெட்டி கட்டுகிற பகுதியை மட்டும் சத்தமாக வாசித்தேன். ஊறுகாய் வரியில் எல்லோரும் சிரித்தார்கள். நாப்கின் வரியில் யாரும் சிரிக்கவில்லை. கூட வருகிறவர்களில் அனிதாவுக்கு இருபத்துமூன்று வயது. அவள் மெதுவாக, "யாருக்கா இத எழுதனது?" என்றாள்.

"எங்க வூட்டுக்காரரு."

அக்கா விடவில்லை. "அந்த ஆளயும் இட்டுனு வாடி. வாய வச்சினு சும்மா இருந்தா பொட்டி கட்டவாவது ஆவும்."

உங்கள் வாய் சும்மா இருக்காது என்பதால் மறுத்துவிட்டேன். கைலியைப் பார்த்துவிட்டு இப்போது மற்ற ஆறு பேரும் ஆளுக்கொன்று வாங்கியிருக்கிறார்கள்.

என் பை சரியாகப் பன்னிரண்டு. அப்பாவின் வேதாகமத்தை வைத்தால் பதின்மூன்று தொள்ளாயிரம். எதை எடுத்துவிட்டு அதை வைப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். சங்கிலியைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்தாயிற்று. தாலியை மட்டும் நூலில் கோத்துப் போட்டிருக்கிறேன். நாலு கிராம், தராசில் முள்ளே அசையவில்லை.

இருபத்திரண்டாம் தேதி ஏற்காட்டுப் பயிற்சி முகாமுக்குப் போகிறோம். அங்கே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், கடிதம் மட்டும்தான். ஆகஸ்ட் இருபதில் விமானம். அதற்குள் ஒன்று கேட்கிறேன். மூன்று வருடமாக எனக்கு நானே பதில் சொல்லிப் பார்த்தேன், எதுவும் சரியாக இல்லை.

அப்பாவின் அடக்கத்துக்கு ஏன் வரவில்லை? எங்கள் ஊர் கரையாம்புத்தூரே வந்தது. ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். அவருடைய ஒரே மருமகன் போடவில்லை. வீட்டுக்கு வந்து காரணம் கேட்டேன். "உன் அப்பனைக் கேள்" என்றீர்கள். அப்பாவை அப்போதுதான் புதைத்துவிட்டு வந்திருந்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எப்படி இருப்பேன்?

இப்போதாவது சொல்லுங்கள். காரணம் தெரியாமல் அந்தக் கட்டத்தில் என்னால் எதையும் எழுத முடியாது.

ஸ்டெல்லா


பாகூர்,
17.7.2024

ஸ்டெல்லாவுக்கு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

2001 பிப்ரவரியில் நம் கல்யாணம். மார்ச்சில் என் அண்ணன் எங்கள் வீட்டு ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை எடுத்தான். "கிறிஸ்தவச்சியக் கட்டினவனுக்கு இந்த வூட்டுல இன்னா வேல?" என்று தெருவில் நின்று கேட்டான். எனக்கு இன்னொரு வீடு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் உன் அப்பா நம்மை விருந்துக்கு அழைத்தார். மேசை மேல் அந்த வேதாகமம் இருந்தது. எழுத்து எங்கே இருந்தாலும் படிக்கிறவன் நான். முதல் பக்கத்தைத் திறந்தேன். உன் தாத்தாவின் பிறப்பு, உன் அம்மா காசம்மாளின் மரணம், பாக்யராஜின் கல்யாணம், அவன் பிள்ளைகள் இரண்டு பேரின் ஞானஸ்நானம், எல்லாம் தேதியோடு இருந்தது. நம் கல்யாணம் இல்லை. பக்கம் அடிவரை நிறைந்திருந்தது. எழுத மனம் இருந்தால் ஓரத்தில் ஒரு வரிக்கு இடமில்லாமலா போய்விடும்?

இன்றைக்கு எழுதுவார், நாளைக்கு எழுதுவார் என்று இருந்தேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உங்கள் வீட்டுக்குப் போகும்போது, அவர் கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்து அந்தப் பக்கத்தைத் திறப்பேன். இருபது வருடம் திறந்தேன். என் பெயர் ஏறவே இல்லை. கேட்டிருக்கலாமே என்பாய். என்னை வீட்டு மனிதனாக எழுதுங்கள் என்று கேட்டு வாங்குவது எனக்குத் தெரியாது. மணிவண்ணனுக்குத் தெரியும், அவன் கேட்டு வாங்கினான்.

ஒரு வீட்டில் பெயரை அடித்தார்கள், இன்னொரு வீட்டில் எழுதவே இல்லை. நமக்குப் பிள்ளையும் இல்லை, என் பெயரை இன்ஷியலாகப் போட்டுக்கொள்ள. பெயர் இல்லாதவனின் கை மண் மட்டும் உன் அப்பாவுக்கு எதற்கு?

இதுதான் காரணம். கட்டத்தில் பாக்யராஜின் விலாசத்தை எழுதிவிட்டு நிம்மதியாகப் போ.

க. தேவநாதன்

பி.கு. ஏற்காட்டில் சாயங்காலம் பனி இறங்கும். காதை மூடிக்கொள்.


ஏற்காடு,
27.7.2024

அன்புள்ள வாத்தியாருக்கு,

உங்கள் கடிதம் முகாமுக்கு வந்து சேர்ந்தது. மூன்று தடவை படித்தேன். முதலில் கோபம், பிறகு அழுகை. மூன்றாவது தடவை அனிதா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். சிரித்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு படித்த மனிதர்! இருபது வருடம் ஒரே பக்கத்தைத் திறந்திருக்கிறீர்கள்.

குடும்பப் பதிவு எழுதுவதற்கென்றே அந்த வேதாகமத்தின் நடுவில் கோடு போட்ட தாள்கள் வைத்து அச்சடித்திருப்பார்கள். பழைய ஏற்பாடு முடியும் மல்கியாவுக்கும் புதிய ஏற்பாடு தொடங்கும் மத்தேயுவுக்கும் நடுவில். எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தாத்தா அதை அறியாமல் முன்பக்கத்தில் எழுத ஆரம்பித்துவிட்டார். அந்தப் பக்கம் நிறைந்த பிறகு நடுவில் எழுதிய முதல் கல்யாணம் நம்முடையது.

அன்று நான் பக்கத்தில் இருந்தேன். ஓரத்திலேயே எழுதிவிடுங்கள் என்று அண்ணன் சொன்னார். அப்பா கேட்கவில்லை. "மாப்ள படிச்சவரு. இடுக்குல கோணலா எழுதனா சிரிப்பாரு. அவருக்குப் புதுப் பக்கம்தான்" என்றார். மூன்றாம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனவர். தன் கையெழுத்தை உங்களிடம் காட்ட வெட்கம். அதனால்தான் அந்தப் பக்கத்தை ஒருநாளும் உங்கள் முன் திறக்கவில்லை.

நேற்று இங்கே கடைசி நிறுவை. வேதாகமம் கூடுதலாகத்தான் வந்தது. வேறு ஏதாவது எடுத்துவிட்டு அதை வைத்துக்கொள் என்று அக்கா சொன்னார். நான் அதையே எடுத்துவிட்டேன். என்னைப் பார்க்க வந்த அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன், உங்கள் கையில் நேராகத் தருவார். அவரை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு வாங்குவது எனக்கும் தெரியாது.

ஸ்டெல்லா


பாகூர்,
5.8.2024

அன்புள்ள ஸ்டெல்லா,

வெள்ளிக்கிழமை பாக்யராஜ் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே பார்சலை நீட்டினார். "உள்ள வா மச்சான்" என்றேன். "மூணு வருசம் கயிச்சி மச்சான்ற" என்றார். இருந்தாலும் வந்தார். காபி போட்டேன். சர்க்கரை குறைவு என்று சொல்லிக்கொண்டே முழுக்கக் குடித்தார்.

அவர் எதிரிலேயே திறந்தேன். நீ சொன்ன இடம்தான். கோணலாகிவிடக் கூடாது என்று உன் அப்பா பென்சிலால் வேறு கோடு இழுத்திருக்கிறார். "12.2.2001. என் மகள் ஸ்டெல்லாவுக்கும் மாப்பிள்ளை க. தேவநாதன் எம்.ஏ., பி.எட். அவர்களுக்கும் விவாகம் நடந்தது." இன்ஷியல் சரி, பட்டம் சரி, புள்ளிகூடச் சரி. முன்பக்கத்திலும் சரி, இங்கேயும் சரி, வேறு யாருக்கும் "அவர்கள்" போடவில்லை, அவருடைய அப்பாவுக்கும்கூட.

அதன் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று பென்சிலில் எண் போட்டு இடம் விட்டிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு. அதை நீ ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது நான் கேட்க மாட்டேன்.

பாக்யராஜ் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "அப்பா செத்தத இன்னும் யாரும் எயுதல. என் கையெழுத்து கோழி கெளறுனாப்ல இருக்கும். நீ எயுதேன் வாத்தியாரே" என்றார். வேறு தாளில் நாலு தடவை எழுதிப் பார்த்தேன். பிறகு எழுதினேன். "19.6.2021. எங்கள் தகப்பனார் இருசப்பன் அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." நாங்கள் இப்படி எழுதுவதில்லை. உங்கள் வழக்கம் என்று பாக்யராஜ் சொல்லிக்கொடுத்தார்.

பிறகு அவருடைய வண்டியிலேயே கரையாம்புத்தூர் போனோம். உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். அடக்கத்தன்று நான் வீட்டில் இருக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாய்க்கால் மதகு வரை வந்தேன். அங்கிருந்து கல்லறைத் தோட்டம் தெரியும். நீ குனிந்து மண் எடுத்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் கால் வரவில்லை, திரும்பிவிட்டேன். இந்தத் தடவை பாக்யராஜ் மதகில் வண்டியை நிறுத்தவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது.

கல்லறைக்கு எப்போதோ சிமெண்ட் பூசிவிட்டார்கள். பக்கத்தில் இருந்து ஒரு பிடி எடுத்து அதன் மேல் போட்டேன். உள்ளே போக வழியில்லை, மேலேயே கிடந்தது. இதற்குள் காற்று கொண்டுபோயிருக்கும். மூன்று வருடம் கழித்துப் போட்டால் அப்படித்தான்.

மணிவண்ணனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அது வேறு கணக்கு.

போனில் உன் எண்ணுக்குப் போட்ட தடுப்பை எடுத்துவிட்டேன். எப்படி எடுப்பது என்று அருள்தாஸ்தான் காட்டினான். வேதாகமம் இனி பீரோவில், உன் தட்டில் இருக்கும். அந்தத் தட்டில் நான் வேறு எதையும் வைத்ததில்லை. போய்ச் சேருகிற ஊரில் எல்லாம் முதல் வேலையாகக் கைலியைத் துவைத்துக் காயப்போடு. அனிதாவிடம் நாப்கின் தீர்ந்துபோனால் கேட்க மாட்டாள், நீயே பார்த்துக்கொள்.

படிவத்துக் கட்டத்துக்கு:

ஸ்டெல்லா தேவநாதன்,
14, பள்ளிக்கூடத் தெரு,
பாகூர், புதுச்சேரி - 607 402.

கட்டத்தில் இடம் போதவில்லை என்றால் ஓரத்தில் இடுக்கி எழுதாதே. அடுத்த பக்கத்தில் எழுது.

தேவநாதன்