காற்றடைத்த இருபத்துநாலு பாக்கெட்

பிப்ரவரி 4, செவ்வாய்

கல்லூரியில் மருத்துவப் பரிசோதனை. டாக்டர் என் கையில் கட்டிய பிரஷர் பட்டையை அவிழ்த்து, மறுபடி கட்டினார்.

"இருபது வயசுல இவ்வளவு பிரஷரா? என்னம்மா சாப்பிடுற?"

மறைக்காமல் சொன்னேன். காலையில் பிஸ்கட், மதியம் பாக்கெட் நூடுல்ஸ், சாயங்காலம் சிப்ஸ். ராத்திரிக்கு மிச்சமிருக்கும் சிப்ஸ். மனிதர் சிரிக்கவே இல்லை.

"பாக்கெட்ல வர்றதை எல்லாம் குறை. ஒரு மாசம் கழிச்சு வா. இறங்கலேன்னா மாத்திரைதான்."

சிப்ஸ் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

பிப்ரவரி 5

அப்பாவுக்குச் சிப்ஸ் கம்பெனியில் வேலை. பன்னிரண்டு வருடமாக பாக்கெட்டுக்கு சீல் வைக்கும் மெஷின். ஊழியர்களுக்கு மாதம் ஒரு பெட்டி கொடுப்பார்கள். அதை அப்படியே எனக்கு ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அரைமணி நேரம் விசாரிப்பார். மொறுமொறுப்பு இருந்ததா, சீல் சுலபமாகப் பிரிந்ததா. அம்மா போனதிலிருந்து எங்களுக்குள் இருக்கிற பேச்சே இதுதான். இதை அனுப்பாதீங்க என்று எந்த வாயால் சொல்வது?

பிப்ரவரி 9, ஞாயிறு

கெட்டிலில் முட்டை வேகவைத்தேன். நாங்கள் கரடி என்று கூப்பிடும் என் அறைத்தோழி அதே கெட்டிலில் டீ போட்டுக் குடித்துவிட்டு, "உன் பிரஷர் எனக்கு வந்துடும்டி" என்றாள்.

பிப்ரவரி 13

மூன்று பாக்கெட் நூடுல்ஸ், ஒரே மூச்சில். வெட்கங்கெட்ட வாய்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று பெட்டி வந்தது. பிரித்தால் தின்றுவிடுவேன். பிரிக்காமலே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

இன்று அப்பா ஃபோன். அவர் வாயைத் திறக்குமுன் நானே ஆரம்பித்துவிட்டேன். "சூப்பர்பா. செம மொறுமொறு. அதுக்குள்ள நாலு பாக்கெட் காலி."

"அப்படியாம்மா?" என்றார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டார். அரைமணி நேரம் பேசுகிறவர். என்ன ஆச்சு?

பிப்ரவரி 19

இன்று நானே கூப்பிட்டேன்.

"அது டெஸ்ட் பெட்டிம்மா. சீல் பிடிக்குதான்னு பாக்க வெறும் காத்தடைச்சு ஓட்டுவோம். அவசரத்துல மாத்தி எடுத்துட்டேன். அன்னிக்கு அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

சிப்ஸ் பெட்டி எப்போதுமே லேசாகத்தான் இருக்கும், எனக்கு எப்படித் தெரியும்? இருபத்துநாலு பாக்கெட் காற்றை வைத்துக்கொண்டு மொறுமொறு என்று புளுகியிருக்கிறேன்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பிடிக்கலேன்னா சொல்லக்கூடாதாம்மா" என்றுதான் கேட்டார். பிடிக்காம இல்லப்பா, பிரஷர்ப்பா, டாக்டர் சொன்னாருப்பா — அழுதுட்டேன். என்னத்தச் சொன்னேன்னே தெரியல. எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "இத்தனை வருஷமா நான்தானே அனுப்பினேன்" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் பயந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அப்பா கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

இன்றும் இல்லை. சிப்ஸ் பேச்சு போனால் பேச எங்களுக்கு வேறொன்றும் கிடையாதா?

மார்ச் 4, செவ்வாய்

டாக்டர் பட்டையை ஒரே தடவைதான் கட்டினார். கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். முதலில் யாரிடம் சொல்லத் தோன்றியது என்று எழுதவும் வேண்டுமா.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் பெட்டி. அதே அட்டை, அதே டேப். தூக்கினால் கனக்கிறது.

உள்ளே கேரட், வெள்ளரிக்காய், வறுத்த கடலை. ஒவ்வொன்றையும் வெள்ளைத்தாளில் சுற்றி, ஓரத்தை மடித்து அழுத்தி ஒட்டியிருந்தார். பேனாவால் பேக்கிங் தேதி. அதற்குக் கீழே, 'ஷிப்ட்: லீவு நாள்'. அடியில் தக்காளி. பன்னிரண்டு வருடம் சிப்ஸ் மட்டுமே பார்த்த மனிதருக்கு மேலே வைக்கிற பாரம் பற்றி என்ன தெரியும்? எல்லாம் கூழ்.

அவர் கூப்பிடும்வரை காத்திருந்தேன். கூப்பிட்டார்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"கேரட் நல்லாருக்கு. வெள்ளரிக்கா கசக்குது. தக்காளிய யாராவது அடியில வைப்பாங்களாப்பா? பெட்டியெல்லாம் நாறுது."

அந்தப் பக்கம் சிரிப்பு. "நிஜமாவே பிரிச்சிருக்க" என்றார்.

அப்புறம் அரைமணி நேரம் விசாரித்தார்.