பந்தைத் தாண்டிப் போகாத கை

பிப்ரவரி 3

ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் மைதானம் போனேன். கையைச் சும்மா வைக்காதே, தெரிந்த விளையாட்டு எதையாவது ஆடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்தது கோல்ஃப் ஒன்றுதான். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு பிரதீப் இந்த எஸ்டேட்டுக்கு மேனேஜராக வந்த புதிதில் அவரே சொல்லிக்கொடுத்தது. அடித்த பந்தெல்லாம் வலப்பக்கம் தேயிலைக்குள் போனது. வருத்தமில்லை. எதுவுமே இல்லை.

பிப்ரவரி 6

லிஜி கூட வந்தாள். ஸ்கூலில் பி.டி. டீச்சர், கிளப்பில் என்னோடு ஆடுகிறவள். நான் மட்டை வீசுவதைப் போனில் எடுத்துக் காட்டினாள். "சேச்சி, பந்துல பட்டதும் நிறுத்திடுறீங்க. அதுக்கப்புறமும் கை போகணும், தோளுக்கு மேல வரைக்கும். அதுதான் ஃபாலோ-த்ரூ." பார்த்தேன். யாரோ ஒருத்தி பாதியில் நிற்கிறாள்.

பிப்ரவரி 9

முதலமடையிலிருந்து அம்மா போன். மாங்காய் லோடு ஏறுதாம். "அந்த மட்டையத் தூக்கிக்கிட்டு எதுக்குக் கண்ணு போற, ஊட்டுல கெடக்க மாட்டியா?"

பிப்ரவரி 13

குளிக்கும்போது இடது அக்குளில் சோப்பு படுவதே தெரிவதில்லை. வெளியே வந்தபோது பிரதீப் எதிரில். துண்டைச் சரியாகச் சுற்றவில்லை போல, நெஞ்சுத் தழும்பு தெரிந்திருக்கும். சட்டென்று திரும்பி ஜன்னலைப் பார்த்தார். ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து பக்கத்து அறையில்தான் படுக்கிறார். தூக்கத்தில் கை பட்டுவிடுமாம்.

பிப்ரவரி 22

இன்றும் கை பாதியில் நின்றுவிட்டது. ஏன் நிக்குது? தையல் கிழிஞ்சிருமா? அதெல்லாம் ஆறி எத்தனை நாளாச்சு! லிஜி இன்று வேறொன்று சொன்னாள். "பிரச்சனை கையில இல்லை சேச்சி. முடிக்கிறப்ப நெஞ்சு பந்து போன பக்கம் திரும்பி நிக்கணும். நீங்க குனிஞ்சு மூடிக்கிறீங்க."

ஆமா, மூடிக்கிறேன். இல்லாததைத் திருப்பி யாருக்குக் காட்ட?

மார்ச் 2

தோளை இளக்குகிற பயிற்சிக்கு இன்னொருவர் கையைப் பிடித்துத் தூக்க வேண்டும். பிரதீப்பைக் கேட்டேன்.

"லிஜியக் கூப்பிட்டுக்க அனு."

"லிஜியக் கூப்பிடத் தெரியாதுங்களா எனக்கு? நீங்க பாக்கோணும்."

சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாக்கப் புடிக்கலீங்களா?"

"பாத்தா அழுதுருவேன். நீயே அழுகாம இருக்கற. நான் எப்படி அழுகறது?"

"அழுவுங்க" என்றேன்.

அழுதார். எனக்கு வரவில்லை. பிறகு என் கையைத் தூக்கிப் பிடித்தார். இன்னொரு கையைத் தழும்பின்மேல் வைத்திருக்கிறார் — குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

"நோவுதா?"

"தெரியலீங்க."

எடுக்கப் போனார். இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 3

எழுத ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 18

தினமும் காலையில் ஃபாக்டரிக்குக் கிளம்புமுன் தூக்கிவிடுகிறார். முழங்கை காது வரைக்கும் வருகிறது. மரத்துப்போனது அப்படியேதான். சிலருக்கு உணர்ச்சி திரும்பி வராமலே போகலாம் என்கிறார் டாக்டர். சரி என்றேன்.

மார்ச் 27

பந்தே இல்லாமல் வீசச் சொன்னாள் லிஜி. வீசி முடித்து வலது குதிகால் தூக்கியபடி அப்படியே நிற்க வேண்டும். அடிக்க எதுவும் இல்லையென்றால் கை போகிறது. பந்தை வைத்தால் நிற்கிறது. லிஜி சிரித்தாள். நானும் சிரித்தேனாம், அவள்தான் சொன்னாள்.

ஏப்ரல் 5

ஞாயிறு. பிரதீப்பும் வந்தார். உள்ளே பஞ்சு வைத்துக்கொள்ளாமல், வெறும் டி-ஷர்ட் போட்டுப் போனேன். ஒரு பக்கம் தட்டையாகத்தான் தெரிந்திருக்கும். கிளப் வராந்தாவில் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடித்தேன். கை போனது. தோளுக்கு மேலே மட்டை, நெஞ்சு முன்னால். அப்படியே நின்றேன். அக்குளுக்குக் கீழே சுருக்கென்று இழுத்தது. வலிதான். இறக்க மனசில்லாமல் இன்னும் கொஞ்சம் நின்றேன்.

பிரதீப் பந்தைத் தேடித் தேயிலைக்குள் இறங்கியிருந்தார். அட்டை கடிக்கும் என்று லிஜி கத்தினாள்.

"காணமே அனு!"

"விடுங்க" என்றேன். "இன்னொண்ணு வெய்யுங்க."