பின்சுவர் அவர்களுடையது

இரும்பு வாசம் போகாத கைகளால் எனக்குத் தலை பின்னிவிட்ட அப்பாவுக்கு,

உங்கள் ஆண்டுத் திவசத்துக்கென்று கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். திவசம் முடிந்த கையோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குத் திரும்புவதாகத்தான் எண்ணம். அப்போது வெயில் மண்டையைப் பிளந்தது. இப்போது மாரி தொடங்கிவிட்டது. அங்கே உங்கள் மருமகன் கடைப் பாணும் சம்பலும் தின்று அலுத்துப்போய், பின்னேரம் ஆனால் ஃபோன் எடுத்து, "எப்ப வாறீர்?" என்று கேட்கிறார். "வாறன், வாறன்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஊர்ப் புதினத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசிக் காலத்தில் நீங்கள் கட்டிலை விட்டு எழும்பாததால் உங்களுக்குப் பாதியும் தெரியாது. சீனக்குடாவில் உங்கள் ஆயுளில் பாதியைத் தின்ற கப்பல் பட்டறை இருந்த இடத்தில் கொழும்புக் கம்பனி ஒன்று ஹோட்டல் கட்டி, பாதியைத் திறந்தும்விட்டது. கப்பலைத் தண்ணீரிலிருந்து இழுத்து ஏற்றும் தண்டவாளத்தைக் கிளப்பிவிட்டார்கள். அந்தச் சரிவு முழுக்கப் பச்சைப் பசேலென்று புல். புல்லுக்குத் தண்ணீர் அடிக்க ஒரு ஆள், புல்லை மேயவரும் மாடுகளைத் துரத்த இன்னொரு ஆள். நான் மாடுகளின் பக்கம்.

உங்களோடு இரும்பு வெட்டிய கிண்ணியா ரசாக் நானா இப்போது ஆட்டோ ஓடுகிறார். சுற்றுலா வந்தவர்களை டொல்பின் பார்க்கும் படகுகளுக்கு ஏற்றி இறக்குகிறார். "புள்ள, அந்தக் காலம் கப்பல் நம்மளத் தேடி வந்திச்சி. இப்ப மீனக் காட்டத்தான் நான் ஆள் ஏத்துறன்" என்று சிரிக்கிறார். அவருடைய பல் எல்லாம் போய்விட்டது. அவர் சிரிப்பதைப் பார்க்க எனக்கு உங்கள் ஞாபகம்தான் வருகிறது.

இனி வீட்டுக் கதை. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், ஊர்ப் புதினம் எல்லாம் சும்மா சாட்டு.

பட்டறையின் பெரிய மதிலையே பின்சுவராக வைத்து நீங்களும் உங்கள் ஆட்களும் வரிசையாக வீடு கட்டினீர்கள். காணி அவரவர் பேரில், மதிலுக்கு மட்டும் முதலாளி வாயால் சொன்ன சம்மதம்தான். ஒரு சுவருக்குக் கல்லும் சீமெந்தும் மிச்சம் என்று எல்லோருக்கும் சந்தோசம். மற்றவர்கள் மரத்தில் கூரை போட்டார்கள். நீங்கள் வெல்டர் அல்லவா, மரம் உங்கள் கண்ணுக்குப் பிடிக்குமா? பழைய கப்பல் இரும்பைக் கூரை தாங்கும் தீராந்தியாக வெட்டி, மதிலுக்குள் நின்ற இரும்புத் தூண்களோடு சேர்த்துப் பற்றவைத்தீர்கள். ஜன்னல் கம்பி, கதவு நிலை, குசினித் தட்டு, எல்லாம் ஒட்டு. வீடு முழுக்கத் தேடினாலும் ஒரு போல்ட், ஒரு நட்டு கிடையாது. "போல்ட்டைக் கள்ளன் கழட்டுவான். என்ர ஒட்டை ஆர் கழட்டுறது?" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வீர்கள்.

பொய் சொல்லக்கூடாது. ஷெல் விழுந்த பிரச்சினைக் காலத்தில் அந்த இரும்புதான் எங்களைக் காப்பாற்றியது. சம்பூரிலிருந்து உடுத்த உடுப்போடு ஓடிவந்த மாமி குடும்பமும் அந்தக் கூரையின் கீழேதான் படுத்தது. நீங்கள் பற்றவைக்கும்போது வெளிச்சத்தைப் பார்த்தால் கண் போய்விடும் என்று என்னையும் தம்பியையும் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பி நிறுத்துவீர்கள். வேலை முடிந்து நீங்கள் கூப்பிடும்வரை நாங்கள் வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டே நிற்போம். அன்புக்கு ஒரு குறையும் வைக்கவில்லை நீங்கள்.

கம்பனி வந்ததும் வரிசை வீட்டுக்காரருக்கெல்லாம் நிலாவெளிப் பக்கம் காணி தருவதாகச் சொன்னது. எல்லோரும் கூரையைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மா மட்டும் ஏலாது என்றுவிட்டார். அதன் பிறகு மதிலை இடிக்க வந்த மட்டக்களப்பு எஞ்சினியர் பொடியன் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "அன்ரி, இது வீடோ கப்பலோ?" என்றான். ரசாக் நானாவைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

நானா ஒவ்வொரு ஒட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். "வெட்டலாம் தம்பி. வெட்டினா ஊடு தலையிலதான் வரும். இது அவர்ர ஒட்டு."

எனக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது அப்பா. பிறகு அழுகை வந்தது.

கம்பனி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. நம் வீட்டு நீளத்துக்கு மதிலை அப்படியே விட்டுவிடுவார்கள். ஆனால் அது அவர்களுடைய சுவர்; நாங்கள் அதில் ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது. நிலாவெளியில் காணி தருகிற கதையும் முடிந்துவிட்டது, இந்த வீடு இனி அவர்களுக்கு வேண்டாம். வேறு யார் வாங்கப்போகிறார்கள்? இரண்டு பக்கமும் உயரத் தகரம் அடித்துவிட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் தகரம். கடல்காற்று உள்ளே வருவதே இல்லை. பகலிலும் லைட் போட்டுத்தான் அரிசி களைகிறோம். பின்னால் நீச்சல் குளத்தில் யாரோ சிரிப்பது மட்டும் சுவர் வழியாக நன்றாகக் கேட்கிறது.

போன வெள்ளிக்கிழமை அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்த இருட்டுக்குள்ள என்னத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறீங்கள்? உங்களாலதான் நானும் இஞ்ச கிடக்கிறன்!"

அம்மா திருவுவதை நிறுத்தினார். "என்னாலயோ? நான் உனக்காகவெல்லோ இருக்கிறன்."

"எனக்காகவோ?"

"பின்ன? உன்ர சீதன வீடு. நான் எழும்பிப் போனா நாளைக்கு ஆராவது பூந்திடுவாங்கள். கொப்பா சாகேக்க என்ர கையைப் பிடிச்சுச் சொன்னவர், பிள்ளைக்குக் குடுத்ததை விட்டிட்டுப் போகாத எண்டு. இல்லாட்டி நான் எப்பவோ வெளிக்கிட்டிருப்பன். எனக்கு இஞ்ச மூச்சு முட்டுது, பிள்ளை."

நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அம்மாவுக்காக நான் இருக்கிறேன் என்று நினைத்தேன். அவர் எனக்காக இருந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இத்தனை மாதம் இந்த இருட்டில் வெந்திருக்கிறோம். உங்களுக்கு இது தெரியுமா அப்பா? தெரிந்துதான் அந்தச் சொல்லை வாங்கினீர்களா?

"அப்ப வாங்கோ அம்மா. நாளைக்கே பூட்டிப்போட்டுப் போவம்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. பொய்யில்லை, மலர்ந்தது. பிறகு சொன்னார்: "ஓம், வாறன். முதல்ல ஆரணியின்ர பேரில எழுதிப்போடு. தையில அவளுக்குக் கலியாணம். மூத்த பெண்பிள்ளை, வெறுங்கையோட அனுப்பேலுமே? அவளுக்குப் போய்ச் சேந்திட்டா கொப்பாவுக்குக் குடுத்த சொல்லும் முடிஞ்சுது."

நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். நீங்கள் எனக்குத் தந்தீர்கள், நான் என் மகள் ஆரணிக்குத் தரவேண்டும். இதில் அம்மாவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? தம்பிக்கு நீங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை. அவன் கனடாவில் நிம்மதியாக இருக்கிறான்.

கொழும்பிலிருக்கும் ஆரணிக்கு ஃபோன் எடுத்தேன். சிரித்துத் தள்ளிவிடுவாள் என்று நம்பித்தான் எடுத்தேன். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் மெல்பேர்ணில் வேலை சரிவந்திருக்கிறது, போகும் ஆயத்தத்தில் நிற்கிறார்கள். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மம்மா ஆசைப்பட்டுக் கேக்கிறா. நான் எப்பிடியம்மா ஏலாது எண்டு சொல்றது? வீட்டை விட்டிட்டுப் போகேலாதே, மெல்பேர்ணை வேணுமெண்டாப் பிறகு பாப்பம்" என்றாள்.

என் கலியாணத்துக்கு முன்னம் நீங்கள் இந்த வீட்டுத் திறப்புக் கோர்வையைக் கையில் வைத்தபோது, நானும் மனதுக்குள் இதையேதான் சொன்னேன். அப்பா ஆசைப்பட்டுத் தருகிறார், எப்படி ஏலாது என்று சொல்வது? உங்கள் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் வாய் வரும்?

ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அடுத்த கிழமையே அம்மாவோடு கொழும்பு பஸ் ஏறிவிடலாம். வீடு என் பேரில் இருக்கிறது, நான்தான் எழுதவேண்டியவள். அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து காற்று வாங்குவதாக எத்தனை தரம் நினைத்துப் பார்த்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முந்தாநாள் அம்மாவிடம் சொன்னேன், எழுதமாட்டேன் என்று. அன்றிலிருந்து அவர் என்னோடு கதைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதற்கும் இந்த வீட்டில் இடமில்லை. திரும்பின பக்கமெல்லாம் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்கிறோம். சாப்பாட்டை மட்டும் மூடி வைத்துவிட்டுப் போகிறார்.

ஆகவே அப்பா, அம்மா உங்களுக்குக் கொடுத்த சொல்லை அம்மா வைத்திருக்கட்டும். நான் கொடுக்கும் சொல் வேறு. அம்மா இருக்கும்வரை நான் இங்கே இருப்பேன், அவரைத் தனியே விடமாட்டேன். அவருக்குப் பிறகு கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பாராமல் போவேன். ஆனால் ஆரணி மெல்பேர்ணுக்குப் போவாள், வெறுங்கையோடு போவாள். கோபம் என்றால் என்னோடு கோபியுங்கள், அவளை ஒன்றும் சொல்லாதீர்கள். இந்த வீட்டை வாங்கிக்கொண்ட கடைசிப் பெண்பிள்ளை நான்தான்.

உங்களுக்கு ஒருநாளும் ஏலாது என்று சொல்லாத,
இன்று சொல்லிவிட்ட,
உங்கள் மூத்தவள்
வசந்தி