கார் கண்ணாடி ஏறிவிட்டது

பாடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ராணிக்கு,

நீயும் பாப்பாவும் நலமா? அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நலம். இடக்கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஷெட்டுக்கு ஒரு கார் வந்தது. சுவிட்சை அழுத்தியும் கதவுக் கண்ணாடி ஏறவில்லை. மோட்டாரில் சத்தமே இல்லை, ஃபியூஸ் நன்றாக இருந்தது. கதவு மடியும் இடத்தில் வயர் அறுந்திருந்தது. வலக்கையைக் கதவுக்குள் விட்டுக் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு இடக்கையால் வயரைச் சேர்த்தேன். உள்ளே உட்கார்ந்திருந்த கார்க்காரர், "இன்னாபா, இன்னும் ஏறல?" என்று சுவிட்சை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். ஏறியது. நடுவில் என் விரல் இருந்ததை மோட்டார் பொருட்படுத்தவில்லை.

முதலாளி ஓடி வந்தார். "மோட்டார் நல்லாத்தான் கீது சார், கவலப்படாதீங்க" என்று முதலில் கார்க்காரரைத் தேற்றினார். பிறகு என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

இதைக் கொண்டுவரும் யூசுப் என் அறையில் தங்கியிருப்பவன். எதையும் பெரிதுபடுத்துவான். கையே போய்விட்டது என்று அழுதால் நம்பாதே; ஒரு விரல்தான்.

பொத்தான் இல்லாத சட்டை இரண்டு அவனிடம் கொடுத்தனுப்பு. தினமும் அவன்தான் எனக்குப் பொத்தான் போட்டுவிடுகிறான். பாப்பாவுக்கு ஊட்டும் அகலமான ஸ்பூனையும் அனுப்பு. வீடியோவில் சில நாள் கூப்பிடாதே, அறையில் வெளிச்சம் போதாது.

யூசுப் பஸ்ஸுக்கு அவசரப்படுகிறான். கல்யாண மோதிரத்தை ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள். இதோடு மடித்து வைத்திருக்கிறேன். ஆசாரியிடம் கொடுத்து, உன் விரலுக்கு அளவெடுத்துச் செய்துகொள்.

எத்திராஜ்