அம்மாவின் மேசையில் நிற்கும் பூ

ஏப்ரல் 28, செவ்வாய். துர்க்கு, பின்லாந்து

அன்னையர் தினத்துக்கு வழக்கம்போல் ரோஜாக்கொத்து ஒன்றைப் பதிவு செய்ய எண்ணியிருந்த வேளையில் அக்கா மிர்யா தொலைபேசியில் அழைத்தாள்.

"ஒஸ்மோ, இந்த வருஷமும் ரோஜாவா? அம்மா அதையெல்லாம் எதிர்வீட்டு ஹில்க்காகிட்ட கொடுத்துடறாங்கடா."

"எப்போலேர்ந்து?"

"எப்பவுமே! கூரியர்ல வருது, உன் வக்கீல் ஆபீஸ் முத்திரை குத்தின கார்டோட. 'சம்மன் வந்திருக்கு ஹில்க்கா, நீயே வாங்கிக்கோ'ன்னு சொல்றாங்க."

சிரித்தேன். பேசி முடித்த பிறகு அவ்வளவாகச் சிரிக்க இயலவில்லை. இந்த ஆண்டு நான் தரும் பூ அம்மாவின் மேசையிலேயே இருக்க வேண்டும். வேறு கோரிக்கை எதுவும் எனக்கில்லை.

மே 2, சனி

அக்காவின் யோசனை: "காட்டுல வெள்ளை வுவோக்கோ பூ பறிச்சுக் கொடு. பிள்ளைங்க எல்லாம் அதைத்தானே கொடுக்குது."

எனக்கு ஐம்பத்து நான்கு வயதாகிறது என்பதைச் சுட்டிக்காட்டினேன்.

"அதனால? அம்மாவுக்கு நீ பிள்ளை இல்லியா?"

மறுப்பதற்கு அடிப்படை இல்லை.

மே 4, திங்கள்

சட்டநிலையைச் சரிபார்த்தேன். பாதுகாக்கப்படாத காட்டுப் பூவை எவருடைய காட்டிலும் பறிக்கலாம்; வீட்டு முற்றத்தில் கூடாது. முற்றம் எங்கே முடிந்து காடு எங்கே தொடங்குகிறது என்பதே கேள்வி.

மே 7, வியாழன்

வசந்தம் தாமதம். காட்டில் வெறும் இலைகள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பூக்காவிட்டால்? ரோஜாவுக்கே திரும்புவதா — கூடாது. அது ஹில்க்காவுக்குப் போய்ச் சேரும்.

மே 9, சனி

பூத்துவிட்டது! தெற்குச் சரிவில், ஒரு மஞ்சள் வீட்டின் பின்புறம், தரையெல்லாம் வெள்ளை. ஆனால் வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. ஆகவே கதவைத் தட்டி, பெயரையும் தொழிலையும் தெரிவித்தேன். மாவுக்கையோடு வந்த பெண்மணியின் முகம் வெளுத்தது.

"வக்கீலா? யாரு எங்க மேல கேஸ் போட்டது?"

விளக்கினேன். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏங்க, வுவோக்கோ பறிக்க அனுமதி கேட்டு வந்த முதல் ஆளு நீங்கதான். அள்ளிட்டுப் போங்க. உங்கம்மா கொடுத்துவெச்சவங்க!"

எழுத்துமூல அனுமதி கேட்கவில்லை. ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

மே 10, ஞாயிறு

விடிந்ததும் பெட்டியைத் திறந்தால் — அத்தனையும் வாய் மூடி, தலை தொங்கி. ஐயோ, இப்ப என்ன பண்றது? ஆனாலும் போனேன். என்னிடமுள்ள சாவியால் அம்மா வீட்டைத் திறந்து, காபி போட்டுப் படுக்கைக்கே கொண்டுபோனேன். இந்த நாளின் முறை அதுதானே. தட்டின் ஓரத்தில் அந்தப் பரிதாபக் கொத்து.

"என்னடா இது, கீரையா?"

"வுவோக்கோம்மா. நானே பறிச்சேன். வாடிப்போச்சு."

"வாடலைடா மக்கு. குளிர்ல தூங்குது."

அவித்த முட்டை வைக்கும் சின்னக் கிண்ணத்தில் நீர் ஊற்றி, வெயில் விழும் மேசையில் வைத்தார். இரண்டாவது கோப்பை காபி முடிவதற்குள் ஒவ்வொன்றாக விரிந்தன.

கேக் வெட்டும் நேரத்துக்கு ஹில்க்கா வந்தார், கையில் காலிப் பூச்சாடியோடு. "எங்கே என் ரோஜா?"

அம்மா கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"இந்த வருஷம் சம்மன் வரலடி. ஆளே வந்துட்டான்."

மே 11, திங்கள்

ஹில்க்காவுக்கு ரோஜா அனுப்பினேன். முத்திரை இல்லை, கார்டைக் கையால் எழுதினேன்.