இடது மூலையில் இருந்த ரெட்

என் உயிர்த் தோஸ்து சேவியருக்கு,

நீ போய் ஏழு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்த கடைசி ஒன்றரை வருஷம் உன்னிடம் பேசாதவன், இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறான் என்று கேட்பாய். கேளு. கேட்டால் நல்லது.

நம் கிளப்பில் நடந்த கேரம் ஃபைனல் ஞாபகம் இருக்கிறதா? எண்ணூரில் அனல்மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த சமயம். நீயும் நானும் ஜோடி. எதிர் ஜோடியில் ஹார்பரில் உனக்கு வேலை கொடுக்கிற மேஸ்திரி. ரெட் காய் உன் இடது மூலைப் பாக்கெட்டின் வாயிலேயே உட்கார்ந்திருந்தது. நீயோ அதைத் திரும்பியும் பாராமல், வலது பக்கம் கிடந்த வெள்ளையை அடித்தாய். அதுவும் விழவில்லை. அடுத்த அடியில் மேஸ்திரி ரெட்டைப் போட்டார். தோற்றோம்.

"ரெட்டு அங்கயே கீதே, கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று கத்தினேன்.

"எங்க இர்ந்திச்சி மாமு? மாதா மேல சத்தியமா நான் பாக்கல" என்றாய்.

மேஸ்திரிக்காக விட்டுக்கொடுத்துவிட்டு நாடகம் ஆடுகிறாய் என்று நினைத்தேன். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லவும் சொன்னேன். என் வாய் அப்படி.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று சமாதானம் பேசத்தான் கோயிலுக்கு வந்தேன், சேவியர். நீ மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாய். உன் இடது பக்கம், ஒரு முழம் தள்ளி நின்றேன். நீ தலையைக்கூடத் திருப்பவில்லை. என்னைத் தாண்டிப் போனாய். அவ்வளவு திமிரா என்று நானும் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு உனக்கு வேலை போனது, காமாலை வந்தது, நீ போனாய்.

அடக்கத்தன்று உன் அம்மா சொன்னார்கள். "காமாலைக்குப் போனப்ப ஆஸ்பத்திரில கண்ணையும் பாத்தாங்க. கண்ணுல தண்ணி அழுத்தமாம்பா. நேரா கீறது தெரியுமாம், பக்கத்துல கீறது தெரியாதாம். ரொம்ப நாளாவே அப்டித்தானாம். கூடப் பொறந்தவங்களையும் இட்டுனு வரச் சொன்னாங்க." கையில் எடுத்த மண்ணைப் போட முடியாமல் நின்றேன். கூடப் பிறந்தவர்களைப் பற்றி அம்மா கடைசியாகச் சொன்னதை நாங்கள் யாருமே காதில் வாங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி ஆரோக்கியம் என் எதிரே உட்கார்ந்து கேரம் ஆடினான். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறான் இப்போது. அவனுக்கு இடது மூலையில் காய். "அத்தப் போட்றா" என்றேன். "எங்க கீது மாமு?" என்றான். உன் குரலேதான்.

மறுநாள் காலை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அவனைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். "எனுக்கு இன்னா கேடு? நோவுதா, கீவுதா? பொடி எழுத்துகூட படிக்கிறேன்" என்று வழியெல்லாம் சண்டை. போர்டில் கடைசி வரி வரை படித்துவிட்டு என்னைப் பார்த்து இளித்தான் வேறு. பிறகு டாக்டர் சொட்டு மருந்து போட்டு, கண் மேல் ஒரு சின்னக் கருவியை வைத்து அழுத்தம் பார்த்தார். கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளி ஒன்றை இடது ஓரத்திலிருந்து நகர்த்திக்கொண்டு வந்தார். அது பாதி தூரம் வந்த பிறகுதான் இவன் "தெரியுது" என்றான்.

"இது கிளாக்கோமா. வலிக்காது, அதனாலதான் யாரும் வர்றதில்ல. போன பார்வை திரும்பாது, இருக்கறதைக் காப்பாத்தலாம். குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்தா, கூடப் பொறந்தவங்க வருஷா வருஷம் கண்ணைக் காட்டணும்" என்றார் டாக்டர். "நல்லவேளை, முன்னாடியே வந்தீங்க."

முன்னாடியேவா? ஏழு வருஷம் கழித்தல்லவா கூட்டிப்போனேன்?

தினமும் நாலு வேளை சொட்டு மருந்து. போட்டால் மங்கலாகத் தெரிகிறது என்று சிடுசிடுக்கிறான். கிரேனை விட்டு இறக்கிக் கிடங்கு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கும் என்னைத்தான் திட்டுகிறான். திட்டட்டும்.

அன்றைக்குக் கோயிலில் நீ என்னைப் பார்க்கவில்லையா, பார்க்கப் பிடிக்கவில்லையா? படுத்தால் இதேதான் ஓடுகிறது. உன்னைத் தவிர யாரைக் கேட்பேன்?

நான் இருக்கும் வரை ஆரோக்கியத்துக்கு ஒரு வேளை மருந்தும் தவறாது, ஒரு பரிசோதனையும் தவறாது. கல்லறைத் திருநாளுக்கு உன்னிடம் வருகிறேன். இந்தத் தடவை வலது பக்கமாக வந்து நிற்கிறேன்.

உன் எதிரே உட்கார்ந்து ஆடிய மாமு,
மாணிக்கம்
ராயபுரம்